இருபத்தெட்டாம் வாய்ப்பாடு

பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, கைப்பேசியைக் கையைவிட்டு இறக்காமல் நடமாடும் என் வயதுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்துச் சிரிக்கலாம். சிரித்தாலும் தப்பில்லை, எங்கள் வீட்டிலேயே இதற்கு நிறையச் சிரித்திருக்கிறோம்.

ஐந்து வாரங்களுக்கு முன், ஒரு மதியம், நான் வேலை செய்யும் பட்டுக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். ஜெர்மனியில் படிக்கும் என் மகளின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவளோடு படிக்கும் பெண். டிராம் நிற்கும் இடத்தில் என் மகள் மயங்கி விழுந்துவிட்டாளாம். ஆஸ்பத்திரியில் இருக்கிறாளாம், பயப்பட ஒன்றும் இல்லையாம். எதிரே நின்ற கல்யாண வீட்டாரின் பில்லில் நான் ஒரு சைபரைக் கூடுதலாகப் போட்டுவிட்டேன். அவர்கள் அலறியதும் எனக்குக் காதில் விழவில்லை.

மறுநாள் மகளே பேசினாள். உடம்பில் ரத்தம் மிகவும் குறைந்திருந்ததாம். தினமும் என்ன சாப்பிடுகிறாய் என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். ஆப்பிள், சாக்லேட், பாஸ்தா. ஏழு மாதமாக அவ்வளவுதான்.

"ஏன்மா அப்படி?" என்றேன்.

"அது மூணும்தாம்மா இங்க நம்ம ஊர விட சல்லிசு. மீதி எதை எடுத்தாலும் யூரோவ மனசுக்குள்ள நூறால பெருக்கிடுறேன். பெருக்கிட்டா வாங்கத் தோண மாட்டேங்குது."

அவள் இப்போது தேறிவிட்டாள், மாத்திரை சாப்பிடுகிறாள், முகத்தில் நிறம் வந்துவிட்டது. நான்தான் இன்னும் தேறவில்லை. காரணம், அவளைப் பெருக்க வைத்தது நான். விமானம் ஏறிய வாரத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் நான் கேட்ட முதல் கேள்வி, "அங்க தக்காளி என்ன விலை?" அவள் சொல்வாள். நான் இங்கத்திய விலையைச் சொல்வேன். இருவரும் சேர்ந்து "அய்யய்யோ" என்போம். வெங்காயம், பால், பஸ் டிக்கெட், தலைமுடி வெட்டுவது என்று ஒன்றையும் விடவில்லை. நான் அதைப் பிரியம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆப்பிள் என்று அவள் சொன்னதும் எனக்கு என் அப்பாதான் கண்முன் வந்து நின்றார்.

எனக்கு அப்போது பத்து வயது. பெரிய காஞ்சிபுரத்தில், நெசவாளர் தெரு ஒன்றில் குடியிருந்தோம். நாங்கள் நெசவாளர்கள் இல்லை. அப்பா தையல்காரர். ஊரில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தவர், மஸ்கட்டுக்குப் போய் அந்த ஊர் ஆண்கள் போடும் வெள்ளை நீள அங்கியைத் தைத்துக்கொண்டிருந்தார். உங்களில் பலருடைய அப்பாக்களைப் போல என் அப்பாவும் அந்த வருடம் ஒரு கேசட்டுக்குள் வாழ்ந்தார்.

அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர்களில் ஒருவர் எங்கள் பக்கத்து ஊரான தாமல்காரர். அவரோ அவருக்குத் தெரிந்த யாரோ ஊருக்கு வரும்போது கேசட் வரும். நானும் அம்மாவும் பஸ் பிடித்துத் தாமலுக்குப் போவோம். ஏரிக்கரை ஓரம் நடந்து அவர் வீட்டில் கேசட்டை வாங்கி, அம்மா அதை முந்தானையில் முடிந்துகொள்வாள். வீட்டுக்கு வந்து, அப்பா முதலிலேயே கொடுத்தனுப்பியிருந்த டேப் ரெக்கார்டரில் போட்டுக் கேட்போம். பிறகு அதே கேசட்டில், அவர் குரலின் மேலேயே எங்கள் குரலைப் பதிந்து திருப்பி அனுப்புவோம். புதுக் கேசட் வாங்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஆகவே அவர் குரல் ஒரு மாதத்துக்கு மேல் எங்களிடம் தங்கியதே இல்லை.

அந்தக் கேசட்டில் அப்பா பேசியதெல்லாம் விலைகள். டீ ஐம்பது பைசா. தக்காளி கிலோ இருநூறு பைசா. தேங்காய் ஒன்று நூற்றைம்பது. அங்கே ஆயிரம் பைசா சேர்ந்தால்தான் ஒரு ரியால். வேறு எதுவும் பேச அவருக்கு வராதோ என்று அப்போது எனக்குத் தோன்றும். இப்போது யோசித்தால், ஒரே அறையில் எட்டு ஆண்கள் கேட்டுக்கொண்டிருக்க, பெண்டாட்டியிடம் ஒரு மனிதன் வேறு என்ன பேசுவான்? விலை பேசலாம். வெட்கமில்லாமல் பேசக்கூடியது அது ஒன்றுதான்.

அப்போது ஒரு ரியாலுக்கு இருபத்தெட்டு ரூபாய் என்று தாமல்காரர் சொல்லியிருந்தார். அச்சடித்த வாய்ப்பாடு பதினாறோடு நின்றுவிடும். நான் காலண்டர் அட்டையின் பின்பக்கம் இருபத்தெட்டாம் வாய்ப்பாட்டை நானே எழுதினேன். ஓர் இருபத்தெட்டு இருபத்தெட்டு, ஈர் இருபத்தெட்டு ஐம்பத்தாறு. பல் துலக்கும்போது சொல்வேன், பள்ளிக்கூடம் போகும் வழியில் சொல்வேன். கேசட் ஓடும்போது அம்மா பொத்தானை அழுத்தி நிறுத்துவாள்.

"டீ அம்பது பைசாவாம். எவ்ளோடி?"

"ஒரு ரூவா நாப்பது காசு."

"அடிப்பாவி! நம்ம முனைக்கடையில நாப்பது காசு."

மறுபடி ஓடும். மறுபடி நிற்கும். முடி வெட்ட அரை ரியால். பதினாலு ரூபாய். அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஆப்பிள் கிலோ முந்நூறு பைசா. எட்டு ரூபாய் நாற்பது காசு. காஞ்சிபுரத்தில் அன்று ஆப்பிள் பன்னிரண்டு ரூபாய். காய்ச்சல்காரருக்கு மட்டும் ஒன்றிரண்டு வாங்குவார்கள். முட்டையும் அங்கே சல்லிசு. நான் அட்டையின் நடுவில் கோடு போட்டு, ஒருபக்கம் "அங்கே சல்லிசு", மறுபக்கம் "இங்கே சல்லிசு" என்று எழுதி எல்லாவற்றையும் பிரித்தேன். அம்மா அதைப் பார்த்துப் பார்த்து மைக்கின் அருகில் வாயை வைத்துப் பேசினாள்.

"ன்னாங்க, எது இங்கத்த விட சல்லிசோ அத மட்டும் சாப்புடுங்க. மத்தத ஊருக்கு வந்து சாப்டுக்கலாம். முடி வெட்டிக்காதீங்க."

எங்கள் சுவரை ஒட்டிய வீட்டில் தறி போட்டிருந்த பெண்மணியைத் தெருவே பெத்தம்மா என்று கூப்பிடும். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள்; பெத்தம்மா என்றால் பெரியம்மா. தறியில் உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாக எங்கள் கேசட்டை முழுக்கக் கேட்பார். ஒருநாள் தறிச் சத்தம் நின்றது.

"ஏமம்மா, ஒன் வூட்டுக்காரரு சம்பாரிக்கிறது ரியாலு. குடிக்கிற டீ மட்டும் ரூவாயா?"

"உங்களுக்கு இன்னா தெரியும் பெத்தம்மா? ஒரு டீ ஒன்னு நாப்பது!"

"நான் நாள் பூரா தறியில குந்திக்கினு இருந்தா பதினாறு ரூவா. அதுக்கு முனைக்கடையில நாப்பது டீ வரும். அவருக்கு நாளைக்கு ரெண்டு ரியாலுன்னு நீதான சொன்ன? அதுக்கும் அங்க நாப்பது டீ வருது. இன்னா கொறஞ்சி பூடுச்சி? பாவம், ஒரு வாய் டீ குடிக்கட்டும் வுடு."

அம்மா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். "வயித்தெரிச்சல்" என்றாள் என்னிடம். எனக்கும் அது வயிற்றெரிச்சலாகத்தான் பட்டது. தினமும் அப்பா ஆப்பிள் சாப்பிடுகிறார் என்று நான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. இரண்டு வீட்டுக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்த குழம்புக் கிண்ணம் அன்றோடு நின்றது.

பங்குனித் திருவிழாவுக்குக் கொடியேறிய வாரத்தில் அப்பா இரண்டு மாத லீவில் வந்தார். வாடகைக் காரிலிருந்து இறங்கியவரைப் பார்த்துத் தெரு கொஞ்சம் தயங்கியது. முடி காதை மூடி, கழுத்தில் இறங்கி, சட்டைக் காலரின் மேல் சுருண்டிருந்தது. பெத்தம்மா வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏமய்யா, எந்தக் கோயிலுக்கு முடி வளக்குற?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள், "திருப்பதிக்கு பெத்தம்மா. வேண்டுதல்."

சண்டைக்குப் பிறகு அவரிடம் அம்மா பேசிய முதல் பேச்சு அதுதான். அதுவும் பொய்.

உள்ளே வந்ததும் அப்பா கேட்டார், "நான் எப்பமே வேண்டிக்கினேன்?"

"இப்ப வேண்டிக்கங்க."

பெட்டியில் ஒரு டார்ச், ஒரு மடக்குக் குடை, பால் பவுடர் டப்பாக்கள். அதோடு ஒரு அட்டைப்பெட்டி நிறைய ஆப்பிள். ஒவ்வொன்றும் ஊதா நிறத் தாளில் சுற்றியிருந்தது. பெட்டியைப் பிரித்ததும் அந்த வாசனை வீடு முழுக்கப் பரவியது. அடுக்களைப் புகையையும் மீறிய இனிப்பு வாசனை. நான் மூக்கை உள்ளே விட்டுக்கொண்டு நின்றேன். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா ஒன்றை நறுக்கித் தட்டில் வைத்து எடுத்துப் போனாள். "ஐயோ, வேணாம்" என்றார். "ஒரு வருசமா இதுதான். இதும் முட்டையும். ரசம் இருந்தா ஊத்து."

நான்கு தம்ளர் தக்காளி ரசம் குடித்தார்.

சொன்ன பொய்க்காக மூன்று பேரும் திருப்பதிக்குப் போக வேண்டியதாயிற்று. மொட்டை போட்டுச் சந்தனம் பூசி வந்த பிறகுதான் அப்பாவின் முகம் எங்களுக்குச் சரியாகத் தெரிந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. முடி இருந்தவரை அது மறைந்திருந்தது.

மறுநாள் காலை கிணற்றடியில் அவள் அப்பாவின் கால்சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். சோப்புப் போட்டவள் திடீரென்று நிறுத்திவிட்டு, அதை உள்பக்கம் வெளியாகத் திருப்பினாள். இடுப்பின் பின்புறத்தில் தையல் பிரித்து, உள்ளே மடித்து, இறுக்கித் தைத்திருந்தது. அதற்குள் இன்னொரு தையல். அதற்குள் மற்றொன்று. தையல்காரர் அல்லவா, இளைக்க இளைக்கத் தானே பிடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறார். மூன்று வரிசையும் நேராக, அழகாக இருந்தன. அம்மா ஒவ்வொரு வரிசையாக விரலை ஓட்டினாள்.

"எத்தன தடவ கேசட் அனுப்பிச்சோம்?" என்றாள் என்னிடம்.

"மூணும்மா."

ஈரக் கால்சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே பக்கத்து வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். "பெத்தம்மா, அன்னிக்கி சொன்னீங்களே டீக்கணக்கு, அத இவருகிட்ட சொல்லுங்க" என்றாள். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. பெத்தம்மாவும் எதிர்பார்க்கவில்லை. தறியை நிறுத்திவிட்டு, அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நாள் கூலிக்கு நாற்பது டீ, பத்துக் கிலோ தக்காளி என்று இரண்டு ஊருக்கும் சொன்னார். முடி வெட்டுவது மட்டும்தான் அங்கே இரட்டிப்பு விலை என்றார். "அதுக்குத்தான் ஏழுமலையான் இருக்கான்" என்று சேர்த்துக்கொண்டார்.

அப்பா மொட்டைத் தலையைத் தடவியபடி பொறுமையாகக் கேட்டார்.

"வாஸ்தவம்தான் பெத்தம்மா. அங்கியே குடியிருந்தா அதான் சரி. ஆனா நான் அங்க குடிக்காத டீ இங்கதான வருது? இங்க வரசொல்லோ அது ரூவாதான? ஒரு டீய வுட்டா இவளுக்கு மூணு டீ."

பெத்தம்மா, "அப்ப ரூவாயத் தின்னு ராஜா" என்று சொல்லிவிட்டுத் தறியை மறுபடி ஓட்டினார். அப்பா சொன்னதிலும் தப்பில்லை என்பதுதான் தொல்லை. யாருடைய கணக்கும் தப்பில்லை, மனிதர் மட்டும் இளைத்துக்கொண்டே போனார். அம்மா கால்சட்டையைக் கொடியில் காயப்போட்டாள்.

வைகாசியில் அப்பா திரும்பிப் போனார். அடுத்த கேசட்டைப் பதியும் நாளில் அம்மா டேப் ரெக்கார்டர் முன்னால் வழக்கத்தைவிட நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ன்னாங்க, இங்க விலவாசி கேக்கவே வேணாம். தக்காளி கிலோ ஆறு ரூவா ஆயிடுச்சி. டீ ரெண்டு ரூவா. தேங்கா அஞ்சு ரூவா. உங்க ஊர்லயே சல்லிசு போல..."

நான் திடுக்கிட்டேன். "இல்லம்மா, காலையிலதான் ஒன்னு அறுப..."

அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. கையில் புளி வாசம். அப்படியே பொத்திக்கொண்டு, குரல் மாறாமல் பேசி முடித்தாள். "சல்லிசா இருக்கிற எடத்துலயே வாங்கி சாப்புடுங்க. இங்க வந்து சாப்டா கட்டாது."

பொத்தானை அணைத்ததும் நான் கத்தினேன். என் வாய்ப்பாட்டுக்கே துரோகம் என்று தோன்றியது. அம்மா காலண்டர் அட்டையை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள்.

"தக்காளி, டீ, தேங்கா மூணையும் அங்க சல்லிசு பக்கம் எழுது."

"பொய்ம்மா அது."

"எழுதுடி. அவர் கால்சட்டைய தோய்ச்சவ நான்."

அழுதுகொண்டே எழுதினேன். கண்ணீர் பட்டு மை பரவியது இன்னும் நினைவிருக்கிறது. அந்த அட்டை எப்போது தொலைந்தது என்பது நினைவில்லை.

அடுத்த கேசட்டை வாங்கத் தாமலுக்குப் போனபோது ஏரியில் தண்ணீர் வற்றி, நடுவில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வீட்டுக்கு வந்து போட்டோம். ஜன்னல் திறந்திருந்தது. பெத்தம்மா தறியை நிறுத்திவிட்டு எங்கள் வீட்டுக்கே வந்து தரையில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு அப்பாவின் குரல்.

"ஏம்மே, ஊர்ல டீ ரெண்டு ரூவாயா? அநியாயமா இருக்குதே! இங்க ஒன்னு நாப்பதுதான்."

கண்ணாடித் தம்ளர் எதன் மேலோ உரசும் சத்தம். பிறகு ஒரு நீண்ட உறிஞ்சல். பிறகு தொண்டையிலிருந்து "ஆங்" என்று ஒரு மூச்சு.

"குடிக்கிறான் பாரு!" என்று பெத்தம்மா தொடையில் தட்டினார்.

அம்மா கேசட்டைப் பின்னால் ஓட்டி அந்த உறிஞ்சலை மறுபடி போட்டாள். மறுபடியும் போட்டாள். பாட்டு கேட்பதுபோல மூன்று பேரும் தலையைச் சாய்த்துக் கேட்டோம். அதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த மாதம் அதன் மேலேயே உருளைக்கிழங்கு விலையைப் பேசிப் பதிந்து அனுப்பிவிட்டோம். எங்கள் வீட்டில் தொலைந்துபோன பொருள்களில் எதையாவது ஒன்றைத் திருப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், நான் அந்த ஒரு மடக்கு டீயைத்தான் கேட்பேன்.

ஒன்றரை வருடம் கழித்து அப்பா வந்தபோது முடி ஒட்ட வெட்டியிருந்தது, சின்னதாகத் தொப்பை இருந்தது. இடுப்பில் இருந்த மூன்று தையலையும் பிரித்துவிட்டிருந்தார். வந்த மறுநாளே முனைக்கடைக்குப் போய்விட்டுத் திரும்பினார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"டீ அம்பது காசுதாம்மே."

அம்மா நிமிரவில்லை. "எறங்கிடுச்சி போல."

"தக்காளியும் எறங்கிடுச்சி."

"எல்லாம் நீங்க வர்றதக் கேள்விப்பட்டு எறங்கிடுச்சி."

அப்பா சிரித்தார். பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் நின்று அங்கேயும் ஒரு சிரிப்பு கேட்டது. அம்மா மட்டும் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

பல வருடம் நான் நினைத்துக்கொண்டிருந்தது, அப்பா அன்றுதான் உண்மையைக் கண்டுபிடித்தார் என்று. இப்போது அப்படித் தோன்றவில்லை. பாதியில் பொத்தப்பட்ட என் குரல் அந்தக் கேசட்டில் இருந்ததே. "ஒன்னு அறுப" என்றால் என்ன என்று நாள் முழுக்க அளவெடுக்கும் ஒரு தையல்காரருக்குத் தெரியாதா? கேட்ட அன்றே தெரிந்திருக்கும். தெரிந்தும் டீ குடித்திருக்கிறார். ஒரு பொய்யை நம்ப அவருக்கு யாரோ அனுமதி கொடுத்தது போதுமாக இருந்திருக்கிறது. அம்மாவும் அப்பாவும் இப்போது இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். காலையில் நானும் என் வீட்டுக்காரரும் மார்க்கெட்டுக்குப் போய் வந்திருந்தோம். மகள் வீடியோவில் வந்தாள். இனி விலை கேட்பதில்லை என்று நான் அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அவள் ஒரு தக்காளியைக் கேமராவுக்கு அருகில் கொண்டுவந்தாள். திரை முழுக்கச் சிவப்பு.

"நல்லா பழுத்திருக்குதா?" என்றேன்.

"பழுத்திருக்குதும்மா. விலை கேக்க மாட்டியா?"

"மாட்டேன்."

"கிலோ மூணு யூரோ. கையில வச்சிக்கினு கடையிலயே அஞ்சு நிமிஷம் நின்னுட்டேன். இன்னும் மனசே வரல. சமைக்கவா, இல்ல ரெண்டு நாளைக்கு வச்சிக்கவா?" அவள் கொஞ்சம் தயங்கினாள். "அங்க கிலோ என்ன விலைம்மா?"

நூறாம் வாய்ப்பாடு எல்லா வாய்ப்பாட்டிலும் சுலபம். இரண்டு சைபர் போட்டால் முடிந்தது. மேசை மேல், அன்று காலை முப்பது ரூபாய்க்கு வாங்கிய கிலோ தக்காளி பையோடு இருந்தது.

"முந்நூத்தி இருவது" என்றேன்.

பையைச் சுமந்து வந்த என் வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து "என்னது, மு..." என்று ஆரம்பித்தார். நான் எட்டி அவர் வாயைப் பொத்தினேன்.

உலகத்தின் எந்த ஊர் விலையையும் ஒரு விரலால் தட்டிப் பார்க்கும் கருவி என் மகள் கையிலேயே இருந்தது. அவள் எங்கள் இருவரையும், என் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அநியாயமா இருக்குதேம்மா" என்றாள். "அப்ப இங்கதான் சல்லிசு."

கைப்பேசியை எதன் மேலோ சாய்த்து வைத்துவிட்டு நகர்ந்தாள். திரையில் வெறும் சுவர்தான் தெரிந்தது. கத்தி பலகையில் படும் சத்தம் கேட்டது, எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டது. நானும் அவரும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தோம்.